வேறொரு சிவப்பு

மௌரீனின் கைப்பையில் எப்போதும் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கும். ஆனால் அவள் நகத்தில் அது ஒரு நாளும் ஏறியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே அவள் கணவன் கிளெமென்ட் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டான். "ஊர்ல எல்லாரு பொண்டாட்டியும் கைக்குப் போடறாங்க. எனக்கு வாய்ச்சவ கார்டுக்குப் போடறா" என்று ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

கார்டு என்றால் கல்யாணக் கார்டு இல்லை, சர்க்யூட் போர்டு. ஆலைகளில் நீராவியால் சுழலும் டர்பைனைக் கட்டுப்படுத்த பீரோ உயரத்துக்குப் பெட்டிகள் நிற்கும். அவற்றுக்குள் வரிசையாகச் செருகியிருக்கும் பச்சைப் பலகைகள் இவை. எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்தியவை. செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டது. டர்பைனோ இன்னும் கல்லுக்குண்டாட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியோடு மாற்றுவதென்றால் ஆலையை மாதக்கணக்கில் மூட வேண்டும். அதற்கு மனசு வராத முதலாளிகள் பொம்மசந்திராவில் ஹரிஷ்குமார் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு போன் போடுவார்கள். மூடிப்போன ஆலைகளிலிருந்து பழைய கார்டுகளை வாங்கிப் பழுது பார்த்து, சோதித்து, உத்தரவாதத்தோடு அனுப்புவது அவருடைய தொழில். அந்த உத்தரவாதத்தின் அடியில் இருப்பது மௌரீனின் கையெழுத்து.

கையெழுத்து காகிதத்தில் இருக்கும். கார்டின் மேலேயே இருக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு, அதுதான் நெயில் பாலிஷ். சோதனை முடிந்ததும் இனி யாரும் தொடக்கூடாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். பிறகு யாராவது கை வைத்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கம்பெனியிலும் டெஸ்டிங்காரர்கள் செய்கிற காரியம்தான். ஆனால் மௌரீன் அதற்கென்று ஒரே நிறத்தை வைத்திருந்தாள். நன்றாகச் சிவந்த மருதாணியின் நிறம். அவள் கை தூக்கும்போது பொட்டுக்கு ஒரு குட்டி வால் விழும். அந்த வாலைப் பார்த்தே இது மேடம் பார்த்த கார்டு என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று அவளே சொல்லமாட்டாள்.

ஜூன் மாதம் ஒரு கார்டு திரும்பி வந்தது. வழியில் எங்கோ இடிபட்டு ஒரு பின் வளைந்திருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்துவதற்காக விளக்கடியில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பொட்டு அவளுடையது இல்லை.

சிவப்புதான், ஆனால் வேறொரு சிவப்பு. லேசாக ரோஜா கலந்தது. வால் இல்லாமல், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டமாக இருந்தது. தன் கையெழுத்தை யாரோ போட்டுப் பழகியிருக்கிறார்கள் என்பது போல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அலமாரியில் அனுப்பத் தயாராக இருந்த இருபத்திரண்டு கார்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டில் அதே ரோஜாச் சிவப்பு. மூன்றையும் தனியே ஒதுக்கி வைத்தாள்.

அவளுக்குப் பிறகு கார்டைத் தொடுகிறவன் ஒருவன்தான். பேக்கிங்கில் இருந்த நாகேஷ்.

நாகேஷுக்கு நாற்பத்தொரு வயது. ஜோகுபாளையத்துக்காரன். இங்கே சேருவதற்கு முன் பதினாறு வருடம் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய போர்டுகளைப் பிரித்து சிப் சிப்பாக விற்றவன். எஸ்.பி. ரோட்டில் கிடைக்காத பார்ட் கிடையாது. அதே ரோட்டில் சிப்பின் முதுகைச் சுரண்டி வேறு பெயர் அச்சடித்து விற்கிறவர்களும் உண்டு. இவ்வளவு போதாதா? மௌரீனின் மனசு கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. நல்ல கார்டை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை வைக்கிறான், மேலே என் பொட்டையும் வைக்கிறான். சீரியல் நம்பர் ஸ்டிக்கர்கள் சரியாகத்தான் இருந்தன. ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டுவது பெரிய வித்தையா என்று அதற்கும் பதில் வைத்திருந்தாள். சந்தேகம் வந்துவிட்டால் அறிவு கூடிவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வரும். அவளுக்கு அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பேக்கிங் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் பொட்டு வைத்து அனுப்பிய கார்டைக் கவரிலிருந்து உருவி, லென்ஸுக்கு அடியில் வைத்து, நாகேஷ் எதையோ கிள்ளினான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பாட்டிலை எடுத்தான். பொட்டு வைத்தான். ஊதினான்.

அவள் கத்தவில்லை. நேராக ஹரிஷ்குமாரின் அறைக்குப் போனாள்.

ஹரிஷ்குமார் கன்னடக்காரர். கோலார் பக்கத்து வியாபாரிகளோடு பழகிப் பழகித் தமிழும் வரும். முழுதாகக் கேட்டுவிட்டு, "பாட்டில் வெச்சிருந்தான்னு போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க மேடம். கார்டு மாத்தினான்னு காட்டணும். அதுவரைக்கும் அவனை ஸ்டோருக்குத் தள்ளிடறேன். பேக்கிங் நீங்களே பாருங்க, அலமாரிக்குப் பூட்டு போட்டு சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆயித்தா, சரியா?" என்றார்.

அன்று மாலையே நாகேஷைக் கட்டடத்தின் பின்பக்கம் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் அவன் டெஸ்டிங் அறை வாசலில் வந்து நின்றான்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்."

"எதுவா இருந்தாலும் ஹரிஷ் சார்கிட்ட சொல்லு."

"இல்ல மேடம், இது உங்ககிட்டதான்..."

"நாகேஷ், எனக்கு வேலை இருக்கு." கதவைச் சாத்திவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கொஞ்ச நேரம் நின்றது தெரிந்தது. பயந்துவிட்டான், பேரம் பேச வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

சரியாக மூன்று வாரம் கழித்து அந்த போன் வந்தது.

பேசியவர் ஜெயராமன். மண்டியாவைத் தாண்டி ஒரு சர்க்கரை ஆலையில் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர். கரும்பு அரவை தொடங்குவதற்கு முன் டர்பைனைச் சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். போன வாரம்தான் மௌரீன் அனுப்பிய மூன்று கார்டுகளை மாட்டியிருந்தார்கள். மூன்றும் ஒரே வேலை செய்பவை. டர்பைன் எல்லை மீறிய வேகத்தில் சுழன்றால் நீராவியை அடைத்து நிறுத்த வேண்டும். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டு காப்பாற்றும் என்பதற்காகத்தான் மூன்று.

"ஆறாயிரம் சுத்து ஓடற மிஷின் மேடம். ஆறாயிரத்தறுநூறுல அடைக்கணும். வேணும்னேதான் ஏத்தினோம், டெஸ்டுக்கு. அறுநூறு தாண்டிச்சு, ஒண்ணும் ஆகல. எழுநூறு. ஒரு லைட்டுகூட எரியல. நம்ம ஆபரேட்டர் ஓடிப்போயி கையால லீவரை இழுத்தான். ரெண்டு செகண்டு தப்பியிருந்தா..." ஜெயராமன் அதோடு நிறுத்திக்கொண்டார். பிளேடுகள் பிய்த்துக்கொண்டு உறையைக் கிழித்து வெளியே வரும் என்பதை மௌரீனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மூணு கார்டும் மேடம். மூணுமே. நாளைக்குக் காலைல நானே எடுத்துட்டு வரேன். எங்க எம்.டி. உங்க ஓனர்கிட்ட பேசிட்டாரு. யாரு செஞ்சதுன்னு ஒரு பேரு வேணும்ங்கறாரு."

மௌரீன் மூன்று கார்டின் நம்பரையும் குறித்துக்கொண்டாள். அதே சமயம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு ஓரத்தில் நிம்மதியும் வந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிற நிம்மதி.

ஹரிஷ்குமார் அன்றைக்கே புகாரைத் தட்டச்சு செய்துவிட்டார். நம்பிக்கை மோசடி, போலிப் பொருளை மாற்றி வைத்தது, உயிருக்கு ஆபத்து விளைவித்தது. நாகேஷின் பெயர், அப்பா பெயர், ஜோகுபாளையம் விலாசம். கடைசியில் நேரில் பார்த்த சாட்சி என்று மௌரீனின் பெயர். அவள் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இப்பவே போட்டுடறேன் சார்."

"நாளைக்கு கார்டு வரட்டும். அவன் பொட்டு இருக்கறத ஜெயராமன் சாருக்கும் காட்டிட்டுப் போடுங்க. கேஸ் நிக்கணும்ல" என்றார் அவர்.

வீட்டுக்குப் போனதும் கிளெமென்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலத்து விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"பூட்டு எப்பப் போட்ட?"

"மூணு வாரம் ஆச்சு."

"கார்டு எப்பப் போச்சு?"

"ரெண்டு வாரம் முன்னாடி."

"சாவி?"

"என் பையிலதான். எஸ்.பி. ரோட்ல பதினாறு வருஷம் இருந்தவனுக்கு ஒரு கள்ளச் சாவி செய்யத் தெரியாதா?"

கிளெமென்ட் பேனாவை மூடினான். "பசங்க ஸ்டெப்ஸ் எழுதாம நேரா ஆன்சர் எழுதுவாங்க மௌரீன். ஆன்சர் ரைட்டாக்கூட இருக்கும். நான் மார்க் போடமாட்டேன்."

"நீங்க உங்க பேப்பரைத் திருத்துங்க" என்று சிடுசிடுத்துவிட்டு எழுந்து போனாள். ஆனால் படுக்கும் முன் பையில் சாவி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஜெயராமன் வந்தார். நாற்பத்தைந்து வயது, சவரம் செய்யாத முகம். அவர் கார்டுகளை மேஜையில் வைத்த விதத்திலேயே அவை ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தவை என்பது தெரிந்தது. "ஹரிஷ் சாரோட காபி குடிச்சிட்டு இருங்க சார், பத்து நிமிஷத்துல காட்டறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு மௌரீன் விளக்கைப் போட்டாள். இதோ இப்போது மாட்டப்போகிறான்.

முதல் கார்டில் மருதாணிச் சிவப்பு. குட்டி வால்.

இரண்டாவதை எடுத்தாள். வால். மூன்றாவதிலும் வால்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்று பொட்டுமே அவளுடையவை. உடையவில்லை, கீறல்கூட இல்லை. சிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எல்லாம் அசல். அவளே மாற்றிய இரண்டு கெப்பாசிட்டர்கள், அவளே வைத்த ஈயம். இது டூப்ளிகேட் இல்லை. அவள் கையிலிருந்து போன கார்டேதான்.

பிறகுதான் அவள் பார்வை பொட்டிலிருந்து அது ஒட்டிக்கொண்டிருந்த பொருளுக்குப் போனது. ஜம்பர் என்று சொல்வார்கள். அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி. எந்த இரண்டு பின்னில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் கார்டு தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். டர்பைன் தண்டில் ஒரு பல் சக்கரம் இருக்கும். பற்கள் கடந்து போவதை எண்ணித்தான் கார்டு வேகத்தைக் கணக்கிடும். சக்கரத்தில் முப்பது பல்லா, அறுபது பல்லா என்பதைக் கார்டுக்குச் சொல்வது இந்த ஜம்பர்தான். சர்க்கரை ஆலைச் சக்கரத்துக்கு முப்பது பல். ஜம்பர் நின்றது அறுபதில். மூன்று கார்டிலும்.

அதாவது ஆறாயிரத்தெழுநூறு சுற்றில் அங்கே டர்பைன் அலறிக்கொண்டிருந்தபோது இவை மூன்றும் மூவாயிரத்து முந்நூற்றைம்பது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

அறுபதில் எப்படிப் போயிற்று என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்தது காரணம். இரண்டு வருடத்துக்கு முன்வரை சோதனை மேஜையில் மோட்டாரில் சுழலும் நிஜமான இரும்புச் சக்கரங்கள் இரண்டு இருந்தன, முப்பது பல்லில் ஒன்று, அறுபதில் ஒன்று. கார்டுக்குத் தக்க சக்கரத்தை மாட்டுவாள். ஜம்பரைத் தொடவே வேண்டாம். சோதனை, பொட்டு, முடிந்தது. பிறகு ஹரிஷ்குமார் அந்த மேஜைக்குப் பதிலாகப் புது டிஜிட்டல் பெஞ்ச் வாங்கினார். அதற்கு அறுபது மட்டும்தான் தெரியும். அதனால் முப்பது பல் கார்டு வந்தால் ஜம்பரை அறுபதுக்கு மாற்றிச் சோதித்துவிட்டு, மறுபடி முப்பதில் வைத்து, அதன் பிறகுதான் பொட்டு வைக்க வேண்டும். இந்த முறையை எழுதியதே மௌரீன்தான். சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. ஏழாவது வரி: ஜம்பரைப் பழைய இடத்தில் வை. எட்டாவது வரி: சீல், அதாவது பொட்டு.

ஆனால் கை சுவரைப் படிப்பதில்லையே. பதினேழு வருடம் சோதனை முடிந்ததும் பொட்டுக்குப் போன கை அது. பேக்கிங்கும் தலையில் விழுந்து, மனசு நாகேஷ் மேலேயே இருந்த இந்த வாரங்களில், அசந்த நேரத்தில் ஏழாவது வரியைத் தாண்டிப் போயிருக்கிறது.

அப்படியானால் அந்த ரோஜாச் சிவப்பு?

அலமாரிப் பூட்டைத் திறந்து, ஜூனில் ஒதுக்கி வைத்த மூன்று கார்டுகளையும் எடுத்தாள். மூன்றும் முப்பது பல் ஆலைகளுக்கானவை. ரோஜாப் பொட்டை ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்தாள். அடியில், அறுபதாம் பின்னின் ஓரத்தில், சுரண்டி எடுத்தது போக ஒரு பொடி மிச்சமிருந்தது. மருதாணிச் சிவப்பு. ஜம்பர் மட்டும் முப்பதில் இருந்தது, சரியான இடத்தில்.

வேறு சிவப்பு இருந்த கார்டெல்லாம் சரி. அவள் சிவப்பு இருந்தவைதான் ஆளைக் கொல்லப் பார்த்தவை.

அடுத்த ஒரு நிமிடம் அவள் மனசில் என்ன ஓடியது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஹரிஷ்குமாரின் மேஜையில் புகார் தயாராக இருக்கிறது. நாகேஷிடம் பாட்டில் இருந்ததை அவள் பார்த்தது பொய்யில்லை. ஜம்பரை மாற்றியவன் அவன்தான், வால் வைக்கவும் பழகிக்கொண்டான் என்று சொன்னால் நம்ப எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். ஒரு கையெழுத்து. பத்தொன்பது வருடத்துப் பெயர் அப்படியே நிற்கும். சீ, என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு, கார்டுகளை ட்ரேயில் வைத்துக்கொண்டு பின்கட்டடத்துக்கு நடந்தாள்.

நாகேஷ் ஸ்டோரில் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். ட்ரேயைப் பார்த்தான். கேட்காமலே புரிந்துகொண்டான்.

"எங்க மேடம்?"

"சக்கரை ஆலை. மூணும் அறுபதுலயே போயிருக்கு."

"யாருக்காச்சும்..."

"இல்ல. கையால நிறுத்திட்டாங்க."

நாகேஷ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான்.

"எத்தனை கார்டு இப்படி மாத்தின?" என்று கேட்டாள். கேட்ட பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். "நான் விட்டதை எத்தனை தடவை சரி பண்ணினீங்க?"

"பதினொண்ணு மேடம். ரெண்டு வருஷத்துல. ஆர்டர் சீட்டுல முப்பதுன்னு இருக்கும், ஜம்பரு அறுபதுல நிக்கும். நீங்க பார்த்தது அறுநூறுக்கு மேல இருக்கும். பதினொண்ணு ஒண்ணும் பெருசில்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "மொத தடவை சொன்னேனே மேடம்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. புது பெஞ்ச் வந்த மாதம். ஆறு பேர் நின்றிருந்தார்கள். பேக்கிங்கிலிருந்து கார்டோடு வந்து, மேடம் இந்த ஜம்பர், என்று அவன் வாயெடுத்தான். அவள் கார்டைக்கூடப் பார்க்கவில்லை. எஸ்.பி. ரோட்டில் குப்பை பொறுக்கினவன் எனக்கு கார்டு சொல்லித்தர்றியா, கவர் ஒட்டற வேலையைப் பாரு, என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலை அதை மறந்தும் போனாள்.

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னையத்தான் மொதல்ல அனுப்புவாரு. சீலை உடைச்சவன் நான்தானே? ரெண்டு புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது மேடம். சரி, சத்தமில்லாம பாத்து உட்டுடலாம்னு இருந்துட்டேன். என்னோட தப்பும் இருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க கலர் எந்தக் கடையிலயும் கெடைக்கல. அது காந்தாவோடது. ஊட்டுக்காரி பாட்டிலு" என்றான்.

 அப்போதுதான் மௌரீனுக்கு இன்னொன்று உறைத்தது.

"நாகேஷ், நீங்க ஸ்டோருக்கு வந்து மூணு வாரம். இந்த மூணு வாரத்துல நான் அனுப்பினது எதையும் நீங்க பார்க்கல."

"ஆமாம் மேடம். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே ஒருவாட்டி ஜம்பரைப் பாத்து அனுப்புங்கன்னு. நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

அவள் மனசுக்குள் ஆலைகளை எண்ணினாள். அந்த மூன்று வாரத்தில் வெளியே போனவை ஐந்து ஆலைகளுக்கு. அவற்றில் இரண்டுக்கு அறுபது பல், அங்கே ஆபத்தில்லை. மீதி மூன்றில் ஒன்று சர்க்கரை ஆலை. இன்னும் இரண்டு இருந்தன, ஒரு காகித ஆலையும் ஒரு உர ஆலையும். இரண்டிலும் இந்த நிமிடம் டர்பைன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் சோதனைக்காக இல்லாமல் நிஜமாகவே ஒரு நாள் வேகம் மீறும். அன்றைக்கு லீவருக்குப் பக்கத்தில் யாராவது நிற்பார்களா என்று யார் கண்டது?

"என்னோட வாங்க" என்றாள்.

ஹரிஷ்குமாரின் அறையில் காபி ஆறிப்போயிருந்தது. நாகேஷ் பின்னால் வருவதைக் கண்டதும் ஜெயராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹரிஷ்குமார் புகாரை அவள் பக்கம் தள்ளி மேலே பேனாவை வைத்தார். "ஆயித்தா மேடம்? பொட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். மூணும் என்னோட பொட்டு."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பெஞ்ச், ஏழாவது வரி, பதினொரு கார்டுகள், மூடிய கதவு. எதையும் விடவில்லை. குப்பை பொறுக்கினவன் என்று சொன்னதையும் விடவில்லை. அந்த வார்த்தை வந்தபோது நாகேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹரிஷ்குமார் பாதியிலேயே, "மேடம், மேடம், இதெல்லாம் இப்பப் பேடா, வேண்டாம், நாம தனியா பேசலாம்" என்று ஜெயராமனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சார் கேட்டது ஒரு பேருதானே" என்றாள் மௌரீன். புகாரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் தன் பெயரை எழுதி ஜெயராமனிடம் நீட்டினாள். "என்னை என்ன பண்ணணுமோ அப்புறம் பண்ணுங்க. இப்ப எனக்கு ரெண்டு போன் பேசணும்."

ஜெயராமன் அந்தப் பெயரைப் படித்தார். திட்டத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தன் போனை எடுத்து, "காகித ஆலை கண்ட்ரோல் ரூம் நம்பர் என்கிட்ட இருக்கு. ஆபீஸ் வழியாப் போனா அரை மணி ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

காகித ஆலையில் ஒரே பேச்சில் கேட்டுக்கொண்டார்கள். கார்டை உருவிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டார்கள். அறுபதில்தான் இருந்ததாம். உர ஆலையில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஷிப்ட் இன்சார்ஜ் யாரோ கடுகடுப்பான ஆள். டர்பைனை நிறுத்தினால் உற்பத்தி என்ன ஆகும் தெரியுமா, சர்டிபிகேட் கையில் இருக்கிறது, சீலும் உடையாமல் இருக்கிறது, எல்லாம் நன்றாக ஓடும்போது எதற்கு நிறுத்துவது என்று அடுக்கினார். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுவதும் கேட்டது.

"சீல் உடையாம இருக்குன்னுதான் சார் பயப்படறேன்" என்றாள்.

"புரியல மேடம். கரெக்டா சொல்லுங்க. இந்தக் கார்டை யார் செக் பண்ணினது?"

மௌரீன் நாகேஷைப் பார்த்தாள். அவன் இன்னும் ஜன்னல் பக்கம்தான் நின்றிருந்தான்.

"நான்தான் பண்ணினேன்" என்றாள். "நாகேஷ் பார்க்கல. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

 அந்தப் பக்கம் அவர் யாரையோ கூப்பிட்டு, டர்பைனை நிறுத்துவதற்காக லோடைக் குறைக்கச் சொல்வது கேட்டது.